தொங்கட்டானின் இடது காது

மார்ச் 3
எங்கள் நாய் தொங்கட்டான் இன்றும் தலையைச் சாய்த்துக்கொண்டே நடக்கிறான். அந்தத் தொங்குகாதால் வந்த பெயர். இப்போது அதே காதில் புளித்த வாடை. நான்தான் தினமும் பஞ்சுக்குச்சி விட்டுச் சுத்தம் செய்கிறேனே? முப்பது வருடமாகச் சலூன் நடத்துகிறவனுக்குக் காது தெரியாதா?

மார்ச் 5
காதைத் துடைக்கப் போன மனைவியின் கையைக் கவ்விவிட்டான். இந்தப் பன்னிரண்டு வயது வரை ஒருவரையும் கடித்ததில்லை. நாய் டாக்டரம்மா வாய்க்கூடு மாட்டித்தான் உள்ளே பார்த்தார்.

"பஞ்சுக்குச்சி யாரு விட்டது?"

நான் கூரையைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

நாயின் காதுக்குழி நேராகப் போவதில்லையாம். கீழே இறங்கி உள்ளே திரும்புகிறது. குச்சி அழுக்கை எடுக்காமல் அந்த வளைவுக்குள் தள்ளியிருக்கிறது. வீங்கிச் சிவந்து, பூஞ்சை மண்டிக் கிடக்கிறது. நல்லவேளை, செவிப்பறை தப்பியது. சொட்டுமருந்து இருவேளை, பதினான்கு நாள். வீட்டில் போட முடியாவிட்டால் மயக்க ஊசி. "வயசான இதயம், தாங்குமான்னு பயமா இருக்கு" என்றார்.

என் கையாலேயே — சீ!

மார்ச் 6
காலை: உறுமல், மருந்து தரையில். மாலை: என் சட்டையில்.

மார்ச் 7
முதன்முதலாக முடிவெட்ட வரும் குழந்தையிடம் எடுத்த எடுப்பில் காதருகே கத்திரியைக் கொண்டுபோவேனா? இது ஏன் நேற்று உறைக்கவில்லை?

மாலை ஏழு மணி. உள்ளங்கையை உரசிச் சூடாக்கி, மருந்துக் குப்பியை அதற்குள் பொத்திக்கொண்டேன். முதலில் தோள், பிறகு கழுத்து, வலிக்காத வலது காது. வாய் ஓயாமல் ஊர்க்கதை. கடைசியில்தான் இடது. சொட்டு உள்ளே விழுந்தது! காதடியைப் பிசைந்தபோது சளக் சளக்கென்றது. உறுமல் இல்லை. முப்பது வருடக் கை, சும்மாவா?

மார்ச் 12
சொறிவது நின்றுவிட்டது. வாடையும் இல்லை. "போதும், விடுங்களேன்" என்றாள் மனைவி.
"பாதித் தலை வெட்டிட்டு எந்திரிங்கன்னு சொல்வேனா? பதினாலுன்னா பதினாலு."

மார்ச் 21
காலையில் கடைசிச் சொட்டு. பிறகு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மாட்டுவதற்கு வாய்க்கூட்டைக் கையில் எடுத்தார். "வேணாம்மா" என்றேன். தோள், கழுத்து, வலது, இடது. கருவியை வைத்து நிதானமாகப் பார்த்தார். உள்ளே சுத்தம்.

"எப்படிங்க இப்படி உக்கார வெச்சீங்க? எனக்கும் காட்டுங்க."

காட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "காலைத் தரையில வெச்சு நடங்க. குச்சி விட்டதும் இதே கைதான்."

மார்ச் 22
மாலை ஏழு. தானாக வந்து மடியில் தலை வைத்தான், இடது காது மேலே.

"மருந்து நேத்தே முடிஞ்சிடுச்சுடா."

நகரவில்லை. உள்ளங்கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு, தோளிலிருந்து ஆரம்பித்தேன்.