தோணிக்காரரின் மூன்றாவது பிள்ளை

என் அன்பு ஐவி அன்ரி,

நேற்றுத்தான் இங்கிலாந்தில் இருந்து ஜெர்மனிக்கு, எங்கட ஹம் நகரத்துக்குத் திரும்பி வந்தேன். கொண்டுபோன உடுப்புகூட இன்னும் தோய்க்கவில்லை. உங்களுக்கு எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

நான் போனது உங்கட ஊருக்கு, செவர்ன் ஆற்றங்கரைக்கு. உங்கட மகள் உர்சுலாவும் வந்தா.

நீங்கள் எங்கட முதியோர் இல்லத்துக்கு வந்தபோது உங்களிடம் ஜெர்மன் மொழி மிச்சமில்லை. ஐம்பது வருசத்துக்கு மேல் பேசிய மொழி மறதி நோயில் கரைந்துபோய், பிறந்த ஊர் மொழி மட்டும் நின்றது. பராமரிப்பு வேலை செய்கிறவர்களில் இங்கிலீசு தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட இங்கிலீசு. அப்படித்தான் உங்கட அறை என் பொறுப்புக்கு வந்தது.

பின்னேரமானால் யன்னலைப் பிடித்துக்கொண்டு "ஓவர்! ஓவர்!" என்று கத்துவீர்கள். பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் பயந்து அழுவார்கள். "ஆறு திரும்பி மேல ஏறி வருது" என்றும் சொல்லுவீர்கள். புத்தி குழம்பிவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம்.

"டொக்டர் நித்திரைத் துளி எழுதித் தந்திட்டார், யோகா" என்றா பொறுப்புத் தாதி சபீனா. "பின்னேரம் நாங்கள் ரெண்டு பேர்தான். எனக்கும் வேற வழி தெரியேல்லை."

அவ பொல்லாதவ இல்லை. களைத்துப்போனவ.

"ஒரு கிழமை பொறுங்கோ. நான் அவவோட இருந்து பாக்கிறன்."

"வேலை முடிஞ்ச பிறகோ?"

"ஓம். முடிஞ்ச பிறகு."

அந்தக் கிழமையில்தான் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியவந்தது. முன்னும் பின்னுமாகத்தான் சொன்னீர்கள், நான்தான் கோத்துக்கொண்டேன். அப்பா ஊரின் தோணிக்காரர். அக்கரையில் நின்று "ஓவர்!" என்று கூப்பிட்டால் தோணியோடு வருவார். வசந்தகாலத்தில் குஞ்சு விலாங்குகளை வலையால் அள்ளி, பன்றிக் கொழுப்பில் முட்டையோடு பொரிப்பீர்கள். வெள்ளம் ஏறிய உயரங்களைத் தேவாலயச் சுவரில் வெட்டி வைத்திருந்தார்கள். சின்னப்பிள்ளையாய் அந்தக் கோடுகளில் முதுகைச் சாய்த்து உங்கட உயரத்தைப் பார்ப்பீர்கள்.

போர் முடிந்தது. அக்கரைப் பண்ணையில் வேலைக்கு விட்டிருந்த ஜெர்மன் கைதி ஒருவரை விரும்பினீர்கள். அவர் விடுதலையானதும் கட்டிக்கொண்டு, அவரோடு ஜெர்மனிக்குப் புறப்பட்டீர்கள். போகிற நாளில் வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகலாமென்று அக்கரையில் வந்து நின்று கூப்பிட்டீர்கள். அப்பா வாசலில் நின்று பார்த்தார். தோணியைத் தொடவில்லை.

"அவருக்குக் கேட்டிருக்காதோ, என்னவோ?" என்றேன்.

"அப்பாவுக்கு எந்தக் காற்றிலும் கேட்கும்" என்றீர்கள்.

அடுத்த நாள் நீங்கள் "ஓவர்!" என்றபோது, நான் நீண்ட நடையின் அந்தக் கடைசித் தொங்கலில் இருந்து "கமிங்!" என்று குரல் கொடுத்தபடி வந்து கையை நீட்டினேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தீர்கள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தீர்கள். தேத்தண்ணி கேட்டீர்கள். வாசலில் நின்று பார்த்த சபீனா, "டொக்டரோட நான் கதைக்கிறன். துளி வேண்டாம்" என்றா. கடைசி நாள் வரை அந்தத் துளி உங்கட வாய்க்குப் போகவில்லை.

உங்கட அப்பா செய்யாததை அவருடைய இடத்தில் நின்று நான் செய்தேனே, அது உங்களுக்குச் சம்மதமோ? இல்லாவிட்டால், வந்தது நான்தான் என்று தெரிந்துகொண்டே பிடித்தீர்களோ?

உங்கட செத்தவீடு முடிந்த பிறகு உர்சுலாவிடம் எல்லாம் சொன்னேன். "அம்மா எங்களோட ஒரு இங்கிலீசுச் சொல்லும் கதைச்சதில்லை" என்று அழுதா. பிறகு அவவே எங்கள் ரெண்டு பேருக்கும் இங்கிலாந்துக்கு ரிக்கெற் எடுத்தா.

அன்ரி, ஆறு உண்மையாகவே திரும்பித்தான் வருகிறது! கடல் பெருகும்போது ஒரு அலை எழும்பி ஆற்றை எதிர்த்து ஏறி வந்ததை நான் கரையில் நின்று கண்ணால் கண்டேன். சபீனாவிடம் நாளைக்கே சொல்ல வேணும்.

ஊர் மண்டபத்தில் பழைய ஊர்ச் சரித்திரம் சேர்க்கிறவர்கள் படங்கள் மாட்டியிருந்தார்கள். தோணியில் நிற்கிற உங்கட அப்பாவும் இருந்தார். கீழே எழுதியிருந்தது: மனைவி, இரண்டு ஆண்பிள்ளைகள். அவ்வளவுதான்.

உர்சுலா என் கையை இழுத்தா. "விடுங்கோ யோகா. நாங்கள் விருந்தாளிகள்."

"ஏலாது. இது திருந்தாமல் நான் பஸ் ஏறமாட்டன்."

அங்கே பொறுப்பாக நின்ற நரைத்த அம்மாவிடம் போய், "இவருக்கு ஒரு மகளும் இருந்தா" என்றேன். அவ கிட்ட வந்தா. உர்சுலாவின் முகத்தையே பார்த்தா.

"அந்த வீட்டில் ஐவியின் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று இருந்தது" என்றா கடைசியில். "நாங்கள் அப்ப சின்னப்பிள்ளைகள். செத்துப்போனா என்று நினைச்சம்."

பிறகு ஒலிப்பதிவுப் பெட்டியைக் கொண்டுவந்து உர்சுலாவுக்கு முன்னால் வைத்தா. உர்சுலா அதை என் பக்கம் தள்ளினா. "அம்மா கதைச்சது இவவோடதான்" என்று அவ ஜெர்மனில் சொன்னதையும் நானே இங்கிலீசாக்கினேன்.

பொழுது சாயும் வரை என் யாழ்ப்பாணத்து இங்கிலீசில் சொன்னேன். விலாங்கு, வெள்ளக் கோடு, தோணி, அந்தக் கடைசி நாள். நாங்கள் வெளிக்கிடும்போது படத்துக்குக் கீழே புது மட்டை ஏறியிருந்தது: மூன்று பிள்ளைகள். உங்கட பெயர்தான் முதல்.

பதிவை நிறுத்த முன்னம் அந்த அம்மா, "நீங்கள் ஐவிக்கு என்ன முறை?" என்று கேட்டா. தாதி என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கிலீசில் தேடினேன், சரியான சொல் இல்லை. எங்கட சொல்லையே சொன்னேன்; அவ திருப்பிச் சொல்லச்சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டா.

பாதிதான் சொல்லி முடிந்தது, அன்ரி. மிச்சத்தையும் சொல்லுவேன். வருகிற கோடைக்குத் திரும்பவும் போகிறோம். அதற்குள் உர்சுலாவுக்கு இங்கிலீசு படிப்பிப்பேன். உங்கட கதையின் அடுத்த பாதியை உங்கட மகளே உங்கட மொழியில் தொடங்குவா. இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்கட பெறாமகள்,
யோகா