முழுக் கோப்பை

கண்ணு, அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் உன் கப்பலும் சுகமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக உன் ஃபோன் இல்லை, அதனால்தான் கப்பல் அடுத்து நிற்கும் துறைமுகத்து முகவரிக்கு இதை அனுப்புகிறேன். நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது என்கிறார் அப்பா, எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு முட்டிவலி பரவாயில்லை, குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, சரி பண்ணுகிறேன் என்று ஸ்பானரும் கையுமாக அலைகிறார்.

நீ கும்பிடுகிற கிரேக்க சாமிகளின் அலமாரியை நீ சொன்ன மாதிரியே பார்த்துக்கொள்கிறேன். கை கழுவாமல் தொடுவதில்லை. முதலில் அடுப்படித் தெய்வம் ஹெஸ்டியாவுக்கு விளக்கு, பிறை தெரிந்த எட்டாம் நாள் கடல் தெய்வம் பொசைடனுக்கு உன் பெயர் சொல்லித் திராட்சை ரசம். அதில்தான் தப்புப் பண்ணிவிட்டேன். கொஞ்சம் ஊற்றிவிட்டு மீதியைக் குடிக்கச் சொல்லியிருந்தாய். எனக்குச் சர்க்கரை இருக்கிறதே என்று நீ கப்பலேறிய இந்த மூன்று மாதமும் முழுக் கோப்பையையும் பால்கனித் தொட்டி மண்ணில் ஊற்றினேன். போன வாரம் தூசி தட்டும்போது உன் நோட்டைப் புரட்டினால், ஒரு வாய்கூடக் குடிக்காமல் முழுவதையும் மண்ணில் ஊற்றுவது செத்தவர்களுக்கு என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டி அழுதேன். அம்மாவுக்கும் மகளுக்கும் வேறு வேலை இல்லை என்று சிரித்தார்.

நேற்று மத்தியானம் உன் கப்பல் ஆபீசிலிருந்து ஃபோன் வந்தது. அப்பாதான் எடுத்தார், பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். ஏதோ கையெழுத்து வேண்டுமாம் என்றார், அவ்வளவுதான். அப்புறம் சாயங்காலம்வரை அந்தக் குழாயைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். இன்று எட்டாம் நாள். சர்க்கரை ஏறினால் ஏறட்டும், பாதியைக் குடித்தே தீருவது என்று கோப்பையை எடுத்தேன். உன் சாமிகளை வாய் ஓயாமல் கேலி பண்ணுகிற மனுஷன், கை கழுவிவிட்டு வந்து அதை என்னிடமிருந்து வாங்கினார். உன் பெயரைச் சொன்னார். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் மண்ணில் ஊற்றினார். "என்னங்க, பாதியைக் குடிக்கணும்னு படிச்சுக் காட்டினேனே" என்றேன். "மறந்துட்டேன்" என்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறதிதான் கண்ணு, அவருக்கும் வயசாகிறது. நான் வேறு கோப்பை நிரப்பி, பாதி ஊற்றி, பாதி குடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ நூறு வயசு நன்றாக இருக்கணும், உன் சாமிகள் உன்கூடவே இருக்கட்டும். இது கைக்கு வந்ததும் ஃபோன் பண்ணு. அப்பா எடுத்தால் என்னிடம் கொடுக்கச் சொல்.

உன் ஃபோனுக்காக உட்கார்ந்திருக்கும்,
அம்மா