ஒரு படமும் இல்லாத பக்கம்

ஜூலை 21
ஆடியில் கல்யாணம் கிடையாது, சரி. ஆவணிக்கும் ஒருவர்கூடச் சொல்லிவைக்கவில்லையே! அதுவும் இப்படிப் போனால் ஸ்டுடியோவை மூடவேண்டியதுதான்.
வெப்சைட் செய்துதரும் லிங்கேஷ், "போர்ட்ஃபோலியோ இல்லாம எவன் கூப்பிடுவான் அண்ணாச்சி? நல்ல படமா நாலு குடுங்க" என்கிறான். என் வீட்டுக்காரி ஷீலா வேண்டாம் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். "அடுத்த வீட்டுப் பொம்பளப் பிள்ளைய ஊருக்கெல்லாம் காட்டப் போறீயளா?"

ஜூலை 24
போட்டாயிற்று. வேறு வழி? முதல் படம், மேலநீலிதநல்லூர் மருதப்பன் மகள் காவியாவின் நிச்சயதார்த்தம். போன வருடம் எடுத்தது. மாப்பிள்ளை ஏதோ சொல்ல, தலைகுனிந்து சிரிக்கிறாள். என் கையால் இதைவிட நல்ல படம் வந்ததில்லை.

ஜூலை 29
யாரும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 2
மருதப்பன் கூப்பிட்டார்.
"வே ஜோஷ்வா, அந்த சம்பந்தம் அப்பவே முறிஞ்சு போச்சுவே. இப்ப ராயகிரில பேசி முடிச்சிருக்கோம். அவுக ஒம்ம சைட்டப் பாத்துட்டு, பொண்ணு பக்கத்துல நிக்கது யாருன்னு கேக்காவ. நான் என்ன சொல்லட்டும்?"
கல்யாணத்துக்குக் கூப்பிடாதபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நான் எடுத்த படம், அதனால் என் படம் என்று நினைத்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஆண்டவரே, அந்தப் பிள்ளை வாழ்க்கையில் மண்ணைப் போட்டுட்டேனே.

ஆகஸ்ட் 3
நேரில் போனேன். மருதப்பன் கதவைச் சாத்திக்கொண்டார்.
திரும்பி வந்ததும் சைட்டிலிருந்து எல்லாப் படத்தையும் நீக்கிவிட்டேன். லிங்கேஷ் தலையில் அடித்துக்கொண்டான். வெறும் பக்கத்தில் ஒரு வரி மட்டும்: 'உங்கள் படம் உங்கள் வீட்டுக்கு மட்டும்.'
இனி எவன் கூப்பிடப்போகிறான்? ஷீலா திட்டியிருந்தாலாவது தேவலை.

ஆகஸ்ட் 9
கேமராவை விற்றுவிடலாமா?

ஆகஸ்ட் 13
ராயகிரியிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். ஆவணியில் மகனுக்குக் கல்யாணமாம்.
"ஒம்ம சைட்டுல இப்ப ஒரு படமும் இல்லையே?"
"எடுத்துட்டேம்மா."
"அதான் நல்லது. எங்க வீட்டுப் படமும் வெளிய போவக்கூடாது. முன்ன நடந்தத பொண்ணே எங்ககிட்ட சொல்லிட்டா. நீரே வந்து எடும். அவளும் ஒம்மத்தான் சொல்லுதா."
தெரிந்திருந்தும் பெண்ணின் பெயரைக் கேட்டேன்.
காவியா என்றார்.