குடைமிளகாயின் நுனிப்பக்கம்

அன்பு மகள் வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பால் நலம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, அது கிடந்து அடித்துக்கொள்கிறது. உன் இருமல் நின்றதா? போனில் பேசியிருக்கலாமே என்பாய். இரண்டு தடவை கூப்பிட்டேனே, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அச்சகத்தில் பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல் புத்தகத்தைப் புதிதாகப் போடுகிறார்கள், படமெல்லாம் வழக்கம்போல நான்தான். சூலகத்துக்குள் சூல்கள், அதாவது விதையாகப் போகிறவை, எங்கே ஒட்டியிருக்கும் என்ற பாடம் உனக்கு மறந்திருக்காது. பட்டாணியில் ஒரே ஓரமாக வரிசை, வெள்ளரியில் சுவரோடு, சூரியகாந்தியில் அடியில் ஒன்றே ஒன்று, குடைமிளகாயில் நடுத்தண்டைச் சுற்றி, இடையில் தடுப்பு வைத்து அறை அறையாக. இந்தக் குடைமிளகாயை இருபது வருஷமாக என் பழைய படத்தைப் பார்த்தேதான் வரைகிறேன், அந்தப் பழையதும் வேறு புத்தகத்தைப் பார்த்துப் போட்டது, காயைப் பார்த்து வரைந்ததே இல்லை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அம்மா சமையலுக்கு அதை நறுக்கிக்கொண்டே என் மேஜையை எட்டிப் பார்த்து, "என்னங்க, நீங்க போட்ட தடுப்பெல்லாம் இதுல எங்க இருக்கு?" என்றாள். உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அப்புறம் பார்த்தால் அவள் கையில் இருந்த துண்டில் நிஜமாகவே நடுவில் ஒன்றுமில்லை, ஒரே வெற்று அறை, சுவரோரம் மட்டும் மெல்லிய வரம்பு, அதில் நாலைந்து விதை. உடனே இன்னொன்றை வெட்டினேன், இன்னொன்று, இன்னொன்று. காம்புப் பக்கம் குறுக்கே வெட்டினால் தடுப்புகள் நடுவரைக்கும் வந்து சேர்கின்றன, அங்கேதான் விதைக் கூட்டம். நுனிப்பக்கம் வெட்டினால் தடுப்புகள் சுவரோடு நின்றுவிடுகின்றன. ஒரே காய்தான், கத்தி எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்து படம் மாறுகிறது. நாலு நாளாக வீட்டில் குடைமிளகாய்தான், அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும் நான் ஏன் தவிக்கிறேன் என்று. நீ பதினொன்றாம் வகுப்பில் இதே காயை வெட்டி ஒரே அறையாக வரைந்து சைபர் வாங்கி வந்தாய், பார்த்ததைத்தான் வரைந்தேன் அப்பா என்று அழுதாய். நான் என் படம் இருந்த புத்தகத்தை உன் முகத்துக்கு நேரே நீட்டி, அச்சுல வந்தது பொய்யா, உன் கண்ணு பொய்யா என்று கத்தினேன். அடுத்த வாரமே நீ கணக்குப் பிரிவுக்கு மாறிவிட்டாய், பென்சிலை அதற்கப்புறம் தொடவில்லை. நன்றாகப் படித்து வேலைக்குப் போய்விட்டாய், அது வேறு. ஆனால் நான் செய்தது பாவம்தான் கண்ணு.

அச்சக மேனேஜரிடம் இரண்டு வெட்டுப் படமும் போட வேண்டும் என்றேன். "இருபது வருஷமா யாரும் கேக்கல, நீங்க ஏன் சார் கிளறுறீங்க?" என்கிறார். கேட்டாள் ஒருத்தி, என் வீட்டிலேயே, பதினொன்றாம் வகுப்பில், என்றேன். மூன்று நாள் அவர் மேஜையை விட்டு நகரவில்லை, தொல்லை தாங்காமல் மாதக் கடைசிவரை பக்கத்தைக் காலியாக வைத்திருக்கிறார். நுனிப்பக்கப் படத்தை நான் உட்கார்ந்து ஏழு தடவை வரைந்து ஏழையும் கிழித்துவிட்டேன். நேற்று அம்மா பீரோவின் அடித்தட்டிலிருந்து உன் பழைய தாவரவியல் நோட்டை எடுத்து வைத்தாள். உன் படம் என் படத்தைவிடச் சுத்தம், ஒரு கோடு நடுங்கவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் சைபர், அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்து, என்னுடையது.

அந்தப் படத்தைத்தான் போட நினைக்கிறேன், கீழே உன் பெயரோடு. உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். வேண்டாம் என்றாலும் சரி, திட்டினாலும் சரி, ஒரு வரி எழுது, மாதக் கடைசிக்குள். நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். மிளகும் தேனும் மறக்காமல் சாப்பிடு.

இப்படிக்கு,
சைபருக்குக் கீழே கையெழுத்துப் போட்ட
உன் அப்பா