கறுப்பு அவரை விதைகள்

அன்பு மகள் குருவிக்கு,

தோட்டத்துக் கொட்டகையில், மடியில் பலகையை வைத்துக்கொண்டு அப்பா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். மண்வெட்டி பிடித்த விரல்கள் பேனாவுக்கு அடங்க மாட்டேன் என்கின்றன. ஆனால் ஒவ்வோர் எழுத்தும் நானே எழுதியது.

நான் தோட்டம் பார்க்கும் விடுதி நீ பார்த்தபடிதான் இருக்கிறது. நல்ல மழை. மழைநீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது. ஓய்வெடுக்க வரும் விருந்தாளிகள் என்னோடு உட்கார்ந்து களை பிடுங்குகிறார்கள். அதனால் எனக்குத்தான் ஓய்வு. முழங்கால் வலி உண்டு, பயப்படாதே.

எழுதப் படிக்கத் தெரியாத நான் எழுத்துப் படித்த கதையைக் கேள். மேனேஜர் ஒவ்வொரு பாத்திக்கும் பெயர்ப் பலகை வைத்தார். போன வருடக் காற்றில் எல்லாம் விழுந்துவிட்டன. நான் துடைத்து, என் கண்ணுக்கு அழகாகப்பட்ட இடத்தில் ஒவ்வொன்றையும் நட்டுவிட்டேன். மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு சமையல்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார். "கத்தரிக்குக் கேரட்டுன்னு பேரு வச்சிருக்கீங்களே பெரியவரே, செடிக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மத்தியானம் அடுப்பு அணைஞ்சதும் வாங்க" என்றார். அன்றிலிருந்து தினமும் பாடம். "மல்லி விதை மாதிரி எழுத்தைத் தூவாதீங்க, வரிசையா நட்டு வைங்க" என்று இன்றைக்கும் திட்டுகிறார்.

இனி முக்கியமான விஷயம். நான்கு வருடத்துக்கு முன் நீ போட்ட கடிதத்தைப் போன வாரம்தான் படித்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது.

யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன் என்று நினைத்திருப்பாய். நான் படிக்கச் சொல்லவில்லை அம்மா. நீ தூரத்து வேலைக்குக் கிளம்பிய அன்று, "போனா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே" என்று கத்தினேனே, அதற்கு நீ என்ன பதில் எழுதியிருப்பாயோ, அதை இன்னொருவர் வாயால் கேட்கத் தைரியம் வரவில்லை. கடிதத்தை மடித்து விதை டப்பாவில் வைத்துவிட்டேன்.

ஆனால் கடித உறைக்குள் நீ வைத்திருந்த ஆறு அவரை விதைகள், வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு விதைகள், அவை என்ன கேட்கின்றன என்று எனக்குப் புரிந்தது. அந்த வாரமே தொட்டிச் சுவரோரம் ஊன்றினேன். ஆறும் முளைத்தன. இன்று சுவரே தெரியாமல் ஊதாப் பூவாக நிற்கிறது. வந்து போகிற விருந்தாளிகளுக்கெல்லாம் பொட்டலம் மடித்து அந்த விதையைக் கொடுத்தேன். 'எம்மவ அனுப்பினது' என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

போன வாரம்தான் உன் கடைசி வரிகளுக்கு வந்து சேர்ந்தேன். "கோபம் தீர்ந்தால் இதில் காய்க்கிற விதை நாலு எனக்கு அனுப்புங்கள் அப்பா. வராவிட்டால் இனி தொந்தரவு செய்ய மாட்டேன்."

ஊருக்கெல்லாம் கொடுத்தேன், கேட்டவளுக்குக் கொடுக்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். சமையல்காரம்மா தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

கோபம் என்னிடம் இருந்ததே இல்லை, குருவி. நீ போய்விடுவாயே என்ற பயம்தான் அன்று அப்படிக் கத்தியது.

இதோடு விதை வைத்திருக்கிறேன். நாலு கேட்டாய், கைக்கு வந்தவரை போட்டிருக்கிறேன். நன்றாக உலர்ந்தவை. உன் வீட்டில் மண் இல்லாவிட்டால் வாளியில் ஊன்று, கொடிக்கு ஒரு கயிறு கட்டு. நீ பழைய முகவரியிலேயே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நீ நன்றாக இரு. பதில் போட மனம் வந்தால் எழுத்தைப் பெரிதாக எழுது. நானே படிப்பேன், யாரிடமும் கொடுக்க மாட்டேன். மனம் வராவிட்டாலும் அடுத்த வாரம் நான் மறுபடி எழுதுவேன்.

உன் வரவை எண்ணியிருக்கும்,
அப்பா