இரண்டாவது மூடி

இல்லை, பனி இல்லை. பனி தொண்டையில் கசக்காது. ஊரோரக் குப்பைமேடு நேற்றிலிருந்து எரிகிறது. புகை கோபுரத்தின் பாதி உயரம் ஏறி, எதிலோ இடித்ததுபோல் மடங்கி, தெருக்களின்மேல் படுத்திருந்தது.

நீ இருந்தால் ஜன்னலைத் திறந்து பார்த்திருப்பாய். மூச்சிரைப்போடு.

படிக்கும் காலத்தில் ஒருநாள், வாலாஜாபாத் சைக்கிள் கடை. மறுநாள் நமக்குத் தேர்வு. உயரே போகப் போகக் குளிரும் காற்றில் நடுவே ஒரு சூடான அடுக்கு எப்படி வரும் என்று நான் விடாமல் கேட்டேன். நீ பம்பை வேகமாக அடித்து, அதன் அடிப்பகுதியில் என் கையை வைத்தாய்.

"சுடுதா? யாரு அடுப்பு வெச்சா? அமுக்கினா காத்து சுடும். அவ்ளோதான் மேடம்."

நிலநடுக்கோட்டருகே எழும் காற்று உயரத்தில் பரவி, நம் பக்கம் வந்து இறங்குகிறது. இறங்க இறங்க அழுந்திச் சூடாகிறது. தரைவரை வராது. கீழே உள்ள குளிர்ந்த காற்றின்மேல் மூடிபோல் அமர்ந்துவிடும்; புகை அதைத் தாண்டி ஏறாது. விமானங்களுக்கும் மேலே இன்னொரு சூடு தொடங்குகிறது. அங்கே ஓசோன் வெயிலைக் குடிக்கிறது.

"நாம பானைக்குள்ள இருக்கோம்பா" என்றாய்.

"பானைய வூட்ல வெச்சுக்கோங்க. பம்ப ஒடச்சிடாதீங்கம்மா" என்றார் கடைக்காரர்.

சென்ற மார்கழியில், இப்படியொரு புகையில், உன் மூச்சு நின்றது.

இப்போது, நீ அம்மி என்றழைத்த உன் அம்மாவுக்கும் மூச்சு இழுக்கிறது. காலையில் உன் வீட்டுக்குப் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்க முடியவில்லையாம்.

"தென்னேரிக்குப் போலாம் அம்மி. உங்க தங்கச்சி வூட்டுக்கு."

"வெயிலு ஏறினா போய்டும்மா. வருஷா வருஷம் பாத்துக்கினுதானே இருக்கேன். நீயும் அவள மாதிரி வானத்தக் காட்டி பயமுறுத்தாத."

அவர் சொன்னதும் பொய்யில்லை. இரவில் தரை குளிர்வதால் உண்டாகும் மூடியை வெயில் உடைத்துவிடும். காத்திருந்தோம். வெயில் ஏறியது. புகை கோபுரத்தைத் தாண்டி எழுந்தது. "பாத்தியா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலானது.

பிறகு புகை மறுபடியும் நின்றது. வெகு உயரத்தில், கோடு போட்டதுபோல், தட்டையாக. இது மேலிருந்து இறங்கிய காற்றின் மூடி; வெயிலுக்கு எளிதில் உடையாது. நாள்கணக்கில் நிற்கும் என்பாய்.

தென்னேரியின் மேலும் இதே மூடிதான். அங்கே அடியில் குப்பை எரியவில்லை, அவ்வளவே.

நீ போனபின் என்னிடம் மிச்சமிருப்பது இதுதான்: காற்றை நம்பாமல் நிமிர்ந்து பார்க்கும் பழக்கம்.

"அவ இருந்தா இன்னா சொல்லுவா?" என்று அம்மி கேட்டார்.

"கெளம்புன்னு."

முக்காட்டை மூக்கின்மேல் இழுத்துக்கொண்டார். நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். அவருடைய மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினேன்.