எந்த முருகன்?

மேடம்,

டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் விரித்திருந்த தாள் கையோடு வந்தது. இரண்டு ஓரமும் வரிசையாக ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள். உங்கள் சிவப்பு மை இன்னும் மங்கவில்லை. பார்த்ததிலிருந்து உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறேன். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. காரியத்துக்குக்கூட நான் வரவில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில், ஒரகடம் ரோட்டில் நம் கம்பெனியில், கேட்டை ஒட்டி ஆள் வருகை பதியும் டைம் ஆபீஸ் என்றால் நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. ஆனாலும் இந்தத் தாலுகாவில் கம்ப்யூட்டர் பொத்தானை முதலில் அமுக்கியது இந்த விரல். நீங்கள் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, ஏசி அறைக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, சி மொழியில் புரோகிராம் எழுதினீர்கள். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் அதற்குள் ஒரு ஃபைல். ஒருவன் லீவு என்றால் நான் அவன் டோக்கன் நம்பரைத் தட்டுவேன். நீங்கள் ‘ரிமூவ்’ என்று பெயர் வைத்து எழுதிய ஒரு புரோகிராம் துண்டு எழுந்து வந்து, அன்றைய ஷிப்ட் பட்டியலிலிருந்து மட்டும் அவனை எடுக்கும்.

அந்த ஆடி மாதம் அந்த மொழியின் புதுப் பதிப்பு மெட்ராஸிலிருந்து பிளாப்பியில் வந்தது. ஏற்றினீர்கள். ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போகப் பதினோரு பேர் லீவு கேட்டார்கள். தட்டினேன். மறுநாள் காலை பதினோரு பேருக்கும் பெயர் இல்லை. ஷிப்டில் மட்டுமல்ல, கம்பெனியிலேயே இல்லை.

“இன்னா முருகா, சாமி கும்புடப் போனா வேலைய வுட்டே தூக்கிடுவியா?” என்று பிரஸ் ஷாப் வேலு என் சட்டையைப் பிடித்தார். பின்னால் இருநூறு பேர். சரி, பத்துப் பேர்தான். சத்தம் இருநூறு பேருடையது. ரெக்கார்டில் இல்லாதவன் உள்ளே வரக்கூடாது என்று மானேஜர் கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டார்.

நீங்கள் வெறுங்காலோடு ஓடி வந்தீர்கள். “அண்ணன் மேல கை வெக்காதீங்க. தப்பு என்னுது. சாயந்திரத்துக்குள்ள எல்லார் பேரும் வந்துரும். வரலன்னா பன்னண்டாவது ஆளா நானும் வெளிய நிக்கறேன்.”

மத்தியானம் கண்டுபிடித்துவிட்டீர்கள். “மொழியோட கூடவே ரெடிமேடா கொஞ்சம் துண்டுங்க வரும் அண்ணே. புதுசுல அங்கயும் ஒரு ரிமூவ் இருக்கு. அதோட வேலை ஃபைலையே அழிக்கறது. நான் என்னுதக் கூப்பிட்டேன், அது வந்துடுச்சு.”

“இதுக்கா மேடம் மூஞ்சி வெளுத்துக் கீது? கேட்டாண்ட முருகான்னு கூவுனா ஆறு பேரு திரும்பறான். அதான் படப்பை முருகன், வல்லம் முருகன்னு ஊரச் சேத்துக் கூப்டறோம்.”

பேனாவை மூடாமல் என்னையே பார்த்தீர்கள். “அப்ப நீங்க எந்த முருகன்?”

“நானா? ஒரிஜினல்.”

“இல்ல. கேட்டு முருகன்.”

அன்று இந்தத் தாளில்தான், நீங்கள் எழுதிய ஒவ்வொரு துண்டின் பெயருக்கு முன்னாலும் கம்பெனிப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைச் சிவப்பில் ஒட்டினீர்கள். பழைய பிளாப்பியிலிருந்து பதினோரு ஃபைலையும் மீட்டீர்கள். சாயந்திர ஷிப்டுக்கு வேலுதான் முதல் ஆளாக உள்ளே போனார். கம்ப்யூட்டருக்கே ஊர்ப்பெயர் வைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டை உங்களால்தான் திறந்தார்கள் என்பதை மட்டும் சொன்னதில்லை.

போன மாதம் படப்பை டீக்கடையில் அதே வேலு உங்கள் பெயரைச் சொல்லி, “போயிட்டாங்களாம்பா” என்றார். நம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பேருக்கு அந்தப் பெயர். படப்பையில் அதே பெயரில் சீக்காய்க் கிடந்த தையல்காரம்மா என்று நினைத்துக்கொண்டேன். “பாவம், ரொம்ப நாளா இழுத்துக்கினு இருந்துச்சு” என்று சொல்லி டீயைக் குடித்தேன். எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான், கேட்கவில்லை. எட்டு நாள் கழித்து ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அந்தத் தையல்காரம்மா.

அன்றிலிருந்து இரண்டு முறை காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கித் திரும்பிவிட்டேன். நாளை இறங்க மாட்டேன். தாளை மடித்துப் பையில் வைத்தாயிற்று. உங்கள் தங்கை கதவைத் திறந்து யார் என்று கேட்டால், வெறும் முருகன் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் வைத்த பெயரை முழுதாகச் சொல்வேன்.